சட்டைப்பைக்குள் ஒரு முப்பத்திரண்டு

டிசம்பர் மாதத்து ஏற்காட்டில் ஜெர்கின் போடாத ஆளைப் பார்ப்பது கடினம். அந்த ஜெர்கினுக்குள் எதையும் மறைத்துவிடலாம். ஏப்ரலில் அரைக்கைச் சட்டையோடு சேலத்துக்கு இறங்கும்போதுதான் சங்கடம். அதனால் கைத்துப்பாக்கி வாங்க யோசனை கேட்டு வருகிற தோட்டக்காரர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "இருக்கிறதிலேயே சின்னது எதுங்க?" பதில் இந்த அத்தியாயத்தில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியவை வேறு. ஆறு மாதம் பனியிலும் தூறலிலும் இடுப்போடு கிடந்த துப்பாக்கி, விசையை இழுக்கிற அன்றைக்கு வெடிக்குமா? அதற்கான தோட்டா அடுத்த வருடமும் கிடைக்குமா? அதை வைத்துச் சுட்டுப் பழக உங்களுக்கு இடம் இருக்கிறதா? அளவு சின்னது என்று வாங்கி இந்த மூன்றிலும் தோற்றுப்போன துப்பாக்கிகள் சேர்வராயன் மலையின் பல வீடுகளில் பீரோவுக்குள் தூங்குகின்றன.

எதற்காக என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். காட்டெருமைக்காக என்றால் வேண்டவே வேண்டாம். காப்பிக் காட்டுக்குள் அது வந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்குப் பயம் எப்படிப்பட்டது என்று தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. வளர்ந்த கடா ஆயிரம் கிலோவை நெருங்கும். அதன் உடம்பில் ஒரு முப்பத்திரண்டு ரகத் (.32) தோட்டா காயத்தையும் ஆத்திரத்தையும் தவிர எதையும் உண்டாக்காது. காட்டுப்பன்றிக்கும் இது ஆயுதம் அல்ல.

பயிர்ப் பாதுகாப்பு என்று எழுதிக்கொடுத்தால் கைத்துப்பாக்கி லைசென்ஸ் கிடைக்கும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவைப் படித்தால் அந்த நம்பிக்கை போய்விடும். தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட, உட்புறம் வழுவழுப்பான துப்பாக்கி. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி. சட்டம் தாராளமாகப் பேசுவது இந்த இரண்டையும் பற்றித்தான். கைத்துப்பாக்கி இதற்கு வெளியே இருக்கிறது. அதற்கு "தகுந்த காரணம்" இருக்கிறது என்று லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி மனநிறைவு அடைய வேண்டும். ஏற்காடு தாலுகாவில் இருப்பவர் அதற்காக ஏறி இறங்க வேண்டிய இடம் சேலம் கலெக்டர் அலுவலகம்.

பணம் கொண்டு வருவதுதான் காரணம் என்பார்கள். ஒரு காலத்தில் அது முழு உண்மை. பழம் பறிக்கிற பருவத்தில் வாரக் கூலிக்காகச் சேலத்து வங்கியில் எடுத்த பணத்தை மடியில் வைத்துக்கொண்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஜீப்பில் ஏறி வந்த தலைமுறை அது. இப்போது கூலியை வங்கிக் கணக்கில் போட முடிகிறது. கையில் கொண்டுவரும் பணத்தை முதலில் குறையுங்கள். அதைச் செய்யாமல் துப்பாக்கி வாங்குவது ஓட்டைக் குடத்துக்கு மூடி தேடுவதுதான். அதற்குப் பிறகும் மிஞ்சுகிற காரணம் ஒன்று உண்டு. பக்கத்து வீட்டு விளக்குக்கூடத் தெரியாத பங்களாவில் தனியாக வசிப்பவர், அல்லது நிலத் தகராறிலோ தொழிலிலோ நேரடி மிரட்டலுக்கு ஆளானவர். அப்படியானால் போலீஸில் கொடுத்த புகார், அதன் ரசீது, முதல் தகவல் அறிக்கை ஆகியவற்றின் நகல்களை விண்ணப்பத்தோடு சேருங்கள். வாய்ச்சொல்லைவிட அவை பேசும்.

2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி ஏ-1 படிவம், பாதுகாப்புப் பயிற்சி பெற்ற சான்று, உடலும் மனமும் நலமாக இருப்பதற்கான மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பூட்டிவைக்க வீட்டில் இடம் இருப்பதற்கான உறுதி எல்லாம் வேண்டும். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்து ஆண்டுக்குச் செல்லும்; ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் இருக்க முடியாது. பழைய தோட்டக் குடும்பங்கள் இதில் தடுக்கி விழுகின்றன. அப்பாவின் இரட்டைக்குழலும் தாத்தாவின் ரைஃபிளும் ஏற்கெனவே உங்கள் பெயரில் இருந்தால், கைத்துப்பாக்கிக்கு இடமில்லை. எதைக் கைவிடுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

இனி கடைக்குப் போவோம்.

அமெரிக்காவில் அச்சான வழிகாட்டி நூல்கள் சட்டைப்பைத் துப்பாக்கி என்றால் 9 மி.மீ. பிஸ்டல்களைப் பற்றியே பக்கம் பக்கமாகப் பேசும். நமக்கு அவை பயன்படாது. ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் 9 மி.மீ. தோட்டாவை ஏற்கிற கைத்துப்பாக்கிகள் இந்தியாவில் தடை செய்யப்பட்ட ரகம். கலெக்டரால் அதற்கு லைசென்ஸ் தர முடியாது. சாதாரணக் குடிமகனுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் .32, அதற்கடுத்து .22. வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி 1980-களிலேயே நின்றுபோனதால், அதற்கு முன் வந்த வால்தர், கோல்ட் பிஸ்டல்கள் கை மாறும்போது நிலத்தின் விலை சொல்கிறார்கள். பெயருக்காக அந்த விலை கொடுக்காதீர்கள்.

உள்நாட்டில் செய்தவை சில இருக்கின்றன. அரசுத் தொழிற்சாலைகளின் .32 ரிவால்வர் நீண்ட நாளாக வருகிறது. ஆறு தோட்டா, மூன்று அங்குலக் குழல், மேல் தாழ்ப்பாளை விடுவித்தால் குழல் முன்பக்கமாக மடிந்து திறக்கும் பழைய வெப்ளி வடிவம். கான்பூர் பீல்டு கன் தொழிற்சாலை 2014-ல் கொண்டுவந்த நிர்பீக் அதே குடும்பத்தில் எடை குறைந்தது: டைட்டானியம் கலந்த உலோகம், 500 கிராம். அறிமுகமானபோது அதன் விலை ஒரு லட்சத்து 22 ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. இஷாப்பூர் தொழிற்சாலையின் நிடர் .22 ரிவால்வர் வெறும் 250 கிராம், எட்டுத் தோட்டா. 2023 ஆகஸ்டில் வந்த பிரபல் .32 ரிவால்வரில் சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும். எடை 700 கிராம், குழல் 76 மி.மீ. பிஸ்டல் என்றால் அசனி. நம் மொழியிலும் அசனி என்றால் இடி. உத்தரப் பிரதேசத்தின் சண்டிலாவில் வெப்ளி அண்ட் ஸ்காட் பெயரிலும் .32 ரிவால்வர் இப்போது தயாராகிறது.

இவற்றில் மிகச் சின்னது நிடர். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். வேட்டி மடிப்பில் வைத்தாலும் தெரியாது. ஆனாலும் தற்காப்புக்கு அதை நான் முதலாவதாகச் சொல்லமாட்டேன். .22 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடித்தட்டின் விளிம்பு முழுக்கப் பரவியிருக்கும். சுற்றிலும் சீராகப் பரவாத தோட்டா அவ்வப்போது வெடிக்காமல் போகும். .32 தோட்டாவில் அடித்தட்டின் நடுவே தனிக் கிண்ணம், அது நம்பகமானது. கை நடுங்குகிற, விரலில் பலம் குறைந்த முதியவருக்கு .22-ன் மென்மையான உதைப்பு உதவும் என்பது உண்மை. அவருக்கு மட்டும் நிடர் சரி.

பிஸ்டலா ரிவால்வரா என்பதில்தான் நிறைய நேரம் செலவிட வேண்டும். பிஸ்டல் தட்டை, பையில் துருத்தாது, எட்டுத் தோட்டா வரை மேகசினில் அடங்கும். .32 பிஸ்டல் தோட்டாவை வகுத்தவர் ஜான் பிரௌனிங். பெல்ஜியத்தில் 1899-ல் அதற்கான பிஸ்டலும் வந்தது. சட்டைப்பை பிஸ்டல் என்ற எண்ணமே அவர் கைவேலையிலிருந்து பரவியது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கையில் இருந்ததும் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல்தான். அந்தக் காலத்து வடிவத்தின் வழிவந்தவற்றையே இன்றும் நாம் வாங்குகிறோம். வடிவத்தில் குறையில்லை. ஆனால் பிஸ்டல் ஒழுங்காக ஓட நான்கு விஷயங்கள் ஒத்துழைக்க வேண்டும்: தோட்டாவின் பலம், மேகசினின் ஸ்பிரிங், மேகசின் உதடுகளின் வளைவு, மேலே முன்பின் ஓடும் ஸ்லைடின் சுத்தம். ஒன்று பிசகினால் தோட்டா பாதி வழியில் நிற்கும். அதை இரண்டு நொடியில் சரிசெய்யப் பழக்கம் வேண்டும். பழக்கத்துக்குத் தோட்டா வேண்டும். தோட்டா நமக்கு அளந்துதான் கிடைக்கும்.

ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்கவில்லையா, விசையை மறுபடி இழுத்தால் அடுத்த தோட்டா வந்து நிற்கும். அவ்வளவுதான் அதன் வித்தை. மேகசின் இல்லை, ஸ்லைடு இல்லை. மாதத்தில் ஒருநாள்கூடச் சுட வாய்ப்பில்லாத, ஈரமான மலையில் வாழ்கிற, போலீஸ்காரராகவோ ராணுவத்தினராகவோ பயிற்சி பெறாத ஒருவருக்கு ரிவால்வரே சரி என்பது என் உறுதியான கருத்து. எனக்கு இது அனுபவத்தில் வந்தது. என்னிடம் முதலில் இருந்தது பிஸ்டல். ஒரு மழைக்காலம் முடிந்து அதைச் சுடும் தளத்துக்குக் கொண்டுபோனபோது இரண்டாவது தோட்டாவிலேயே சிக்கியது. மேகசினைக் கழற்றிப் பார்த்தால் ஸ்பிரிங்கில் துரு. ஜூனிலிருந்து அக்டோபர் வரை அதை நம்பித்தான் இருட்டில் மோட்டார் ஷெட் வரை நடந்திருக்கிறேன். தவறு என்னுடையது, நான் துடைக்கவில்லை. ஆனால் துடைக்க மறக்கிற மனிதனுக்கு எது பொருந்தும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

வாங்கப் போகிறவர்கள் அடிக்கடி செய்கிற ஒரு பிழையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரிவால்வர் தோட்டாவையும் முப்பத்திரண்டு என்கிறார்கள், பிஸ்டல் தோட்டாவையும் முப்பத்திரண்டு என்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. ரிவால்வருக்கானது 7.65 X 23 மி.மீ., அடியில் நன்றாக வெளியே துருத்தும் விளிம்பு உண்டு. பிஸ்டலுக்கானது 7.65 X 17 மி.மீ., குட்டை, விளிம்பு தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். ஒன்றுக்காக மற்றதை வாங்கி வந்தால் வெறும் பணநஷ்டம் மட்டுமல்ல. குட்டைத் தோட்டாவை ரிவால்வர் அறைக்குள் போட்டுப் பார்க்கிற துணிச்சல்காரர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். கடையில் டப்பாவின் மேல் எழுதியிருப்பதையும் உங்கள் குழலில் பொறித்திருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள். ஒரே சமயத்தில் எத்தனை, ஆண்டுக்கு எத்தனை என்ற அளவு லைசென்ஸிலேயே இருக்கும். வாங்கியதைப் பதிந்துகொண்டு வாருங்கள்.

தாத்தா விட்டுப்போன துப்பாக்கியைப் பற்றி. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலெக்டர் காக்பர்ன் இந்த மலையில் காப்பி நட்ட காலம் முதல் இங்கே தோட்டங்கள் இருக்கின்றன. அதனால் பழைய பிர்மிங்காம் வெப்ளியும் .25 குட்டிப் பிஸ்டலும் சில குடும்பங்களில் இருப்பது இயல்பு. லைசென்ஸ்தாரர் 70 வயதை எட்டினாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற விதிகள் வழி தருகின்றன. இறந்துபோனால் வீட்டில் வைத்துக்கொண்டு யோசிக்கக் கூடாது. உடனே காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு விண்ணப்பிக்க வேண்டும். அந்தத் துப்பாக்கியை அன்போடு வைத்திருங்கள். நம்பி எடுத்துச்செல்ல மட்டும் வேண்டாம். சுத்தியல் ஊசி உடைந்தால் மாற்றுப் பாகம் இல்லை; .25 தோட்டா தேடி அலைய வேண்டும்.

மலைச் சந்தையிலோ அடிவாரத்திலோ யாராவது "ஒரிஜினல் இத்தாலி" என்று ரகசியமாகக் காட்டினால் அந்த இடத்தை விட்டு நடந்துவிடுங்கள். லைசென்ஸ் இல்லாமல் ஒரு துப்பாக்கியை வைத்திருந்தாலே குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. அந்தப் பட்டறைக் குழல்கள் சுடுகிறவர் கையிலேயே வெடிப்பதும் உண்டு.

எதிரில் வைத்திருக்கும் ரிவால்வரை எப்படிப் பார்ப்பது? முதலில் காலி என்று நீங்களே திறந்து பார்க்க வேண்டும். கடைக்காரர் சொன்னார் என்பது போதாது. திறந்து மூடும்போது தாழ்ப்பாள் அழுத்தமாக விழுகிறதா, மூடிய பிறகு குழலைப் பிடித்து அசைத்தால் ஆடுகிறதா என்று பாருங்கள். சுத்தியலை மெதுவாகப் பின்னே இழுத்து நிறுத்திவிட்டு சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். அது பூட்டியதுபோல நிற்க வேண்டும். மயிரிழை அசைவு பரவாயில்லை, கடகடவென்று ஆடினால் கூடாது. ஆறு அறையிலும் இதைச் செய்ய வேண்டும். ஐந்து சரியாக இருந்து ஆறாவது பிசகுவதைப் பார்த்திருக்கிறேன். பிறகு சுத்தியலை இழுக்காமல் வெறும் விசையை இழுத்து முழுவதும் ஓட்டிப் பாருங்கள். உங்கள் வீட்டம்மாவும் வைத்திருக்கப்போவதானால், லைசென்ஸ் அவர் பெயரில் தனியாக வேண்டும் என்பதோடு, அவர் விரலும் அந்த விசையை முழுதாக இழுக்க வேண்டும். பலருக்கு முடிவதில்லை.

பிஸ்டலே வேண்டுமென்று நிற்பவர்கள் கூடவே இன்னொரு மேகசின் கேளுங்கள். இரண்டுக்கும் நகப்பூச்சில் ஒன்று, இரண்டு என்று எண் போடுங்கள். சிக்கல் வரும்போது எந்த மேகசினில் வருகிறது என்பது தெரிந்தால் பாதி நோய் தெரிந்த மாதிரி.

வாங்கிய பிறகு குறைந்தது ஐம்பது தோட்டாவையாவது அனுமதி பெற்ற சுடும் தளத்தில் செலவழியுங்கள். வெளிநாட்டு நூல்கள் இருநூறு சொல்லும். நம் அளவுக்கு ஐம்பதே பெரிது. ஆனால் அந்த ஐம்பதில் ஒரு தடங்கலும் வரக்கூடாது. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால், குழலை இலக்கை நோக்கியே முப்பது நொடி பிடித்திருங்கள், தாமதித்து வெடிப்பதுண்டு. சுட்டுப் பழகத் தோட்டத்துக்குள்ளே பலாமரத்தில் டப்பாவைக் கட்டாதீர்கள். நம் நிலம் சரிவு. தவறிய குண்டு ஒரு சில்வர் ஓக்கில் நின்றால் அதிர்ஷ்டம்; நிற்காவிட்டால் கீழே பழம் பறிக்கிறவர்கள் நடக்கிற பாதைக்குப் போகும்.

எடுத்துச்செல்வதில் சட்டமும் புத்தியும் ஒன்றையே சொல்கின்றன. பொது இடத்தில் கைத்துப்பாக்கி அதற்கென்று செய்த உறைக்குள், முழுவதும் மறைந்து, உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். இடுப்பில் செருகி அடிப்பிடி தெரிய நடப்பது விதிமீறல். கோடை விழாக் கூட்டத்தில் அது நாலு பேரைப் பயமுறுத்தும், ஐந்தாவது ஆளைப் பிடுங்கத் தூண்டும். கல்யாணத்தில் மகிழ்ச்சிக்கு வானத்தில் சுடுவதற்கு இரண்டு ஆண்டு சிறை வரை உண்டு என்று 2019 திருத்தம் சொல்கிறது. பைக்குள் வைப்பதானால் விசை முழுக்க மூடிய பை-உறை வேண்டும், அந்தப் பையில் வேறெதுவும் இருக்கக் கூடாது. சாவிக்கொத்து, சில்லறை, வெற்றிலைப் பொட்டலம் எதுவும். சாவி விசைக்குள் நுழைந்து துடையில் குண்டு வாங்கியவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். வேட்டி கட்டுகிறவர்கள் மடியில் வைக்காமல் உள்ளே இடுப்புப் பட்டை போட்டு அதில் உறையை மாட்டுங்கள்.

சேலத்தைத் தாண்டிப் போகும்போது லைசென்ஸ் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று பாருங்கள். காப்பி வாரிய வேலையாகப் பெங்களூரு போகிறவர்கள் மாநில எல்லையைக் கடக்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள்; ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். 2013 டிசம்பர் 4-ல் ஏற்காட்டில் இடைத்தேர்தல் நடந்தபோது காப்பிப் பழம் பறிக்கும் பருவம். கையில் பணமும் வீட்டில் ஆளரவமும் அதிகமாக இருக்கிற அந்த நாட்களில் துப்பாக்கி காவல் நிலையத்தில் இருக்கலாம். ஆகவே நாய், விளக்கு, உறுதியான கதவு ஆகிய மூன்றையும் துப்பாக்கிக்கு முன்னால் செய்து முடித்திருக்க வேண்டும்.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. ஒவ்வொரு லைசென்ஸ்தாரரும் தமிழில் ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும். தேவைக்கு மேல் காயம் விளைவிக்க அந்த உரிமை இடம் தராது. காப்பிக் கொட்டை மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுடுவது தற்காப்பு அல்ல.

மழைக்காலப் பராமரிப்பு சுருக்கமாக. தோல் உறை நடக்கும்போது மட்டும். அதிலேயே வைத்துப் பூட்டினால் தோல் ஈரத்தைப் பிடித்து இரும்பைத் தின்னும். பனியில் நடந்துவிட்டுக் கணப்பு எரிகிற அறைக்குள் வந்தால் இரும்பு வியர்க்கும். அந்த வியர்வையைத் துடைத்துவிட்டு மெல்லிய எண்ணெய் தடவுங்கள். மெல்லிய என்பதைக் கவனியுங்கள். வழிய வழிய விட்டால் எண்ணெய் தோட்டாவின் அடிக்கிண்ணத்துக்குள் இறங்கி மருந்தைக் கெடுக்கும். தோட்டாவை எண்ணெய்க் கையால் தொடவே கூடாது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. மாதம் ஒருமுறை வெயிலில் காயவையுங்கள். ஓராண்டு இடுப்போடு அலைந்த ஆறு தோட்டாவை அடுத்த பயிற்சியில் சுட்டுவிட்டுப் புதியதைப் போடுங்கள். வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால், அவர்கள் விடுமுறைக்கு வந்து இறங்குகிற அன்றைக்கே துப்பாக்கி ஒரு பூட்டுக்குள்ளும் தோட்டா வேறு பூட்டுக்குள்ளும் போகட்டும். இரண்டு சாவியும் உங்கள் அரைஞாணில்.